ஏ.சி.யைக் கழற்றிய கார்

சோழவரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஏரி. சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகளில் ஒன்று. கோடை வந்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று செய்தியில் சொல்வார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு, அதிலும் கோயம்புத்தூரில் கார், மோட்டார் என்று பைத்தியமாகத் திரிந்தவர்களுக்கு, சோழவரம் என்றால் ரேஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மிஞ்சியது. 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அங்கே பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். எண்பதுகளின் கடைசி வரைக்கும் இந்தியாவில் கார் ரேஸ் என்றால் அந்தப் பொட்டல்தான்.

என் சித்தப்பாவுக்கு வேலை மில்லில், மனசெல்லாம் மோட்டாரில். ரேஸ் தேதி தெரிந்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்ததும் சென்ட்ரல், அங்கிருந்து செங்குன்றம் வழியாக பஸ். இறங்கி நடக்கும்போதே சத்தம் காதில் விழும். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வைக்கோல் பொதி, கயிறு, அதற்கு இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஜனம். ஓடுதளத்தின் கான்கிரீட் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் கார்கள் ஏறி இறங்கும்போது 'தட், தட்' என்று ஒரு தாளம் வரும். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாளத்தை வைத்தே எந்த வண்டி வேகம், எது பின்தங்குகிறது என்று சித்தப்பா சொல்லிவிடுவார்.

பெரிய பெரிய வண்டிகள் எல்லாம் அங்கே வந்தன. கோண்டல் மகாராஜா சர்டீஸ் காரில் வருவார். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். அதைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். நான் காத்திருந்தது அதற்கல்ல. அடுத்து வரும் சலூன் கார் பந்தயத்துக்கு. பியட், ஹெரால்டு, அம்பாசிடர். எங்கள் தெரு டாக்டர் வைத்திருந்த அதே பியட். மருதமலைக்குக் குடும்பத்தோடு போய்வருகிற அதே ஹெரால்டு. ஹெட்லைட் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, பம்பரைக் கழற்றி, பின்சீட்டை எடுத்துவிட்டு, கதவில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். வளைவில் ஹெரால்டின் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி, வண்டியின் பின்புறம் தூக்கிக்கொள்ளும். அந்த ஆக்ஸில் அமைப்பு அப்படி. ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டி சுற்றிவிடும். எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் தப்பித்துப் போய்விடலாம். இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் சித்தப்பா. பயந்த நேரத்தில் காலை எடுக்காமல் இருப்பது ஒரு வித்தை என்று எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

அன்றைக்கு ரேஸுக்கென்று தனியாக ஒரு கார் வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? புதுக் கார் வேண்டுமென்றால் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைப்பதும் மூன்றே வகை. ஆகவே பந்தயத்தில் ஓடியது பெரும்பாலும் வீட்டுக் கார். ஊரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, ரேஸ் ஓட்டி, திரும்பப் பின்சீட்டை மாட்டி அதே காரில் வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இஞ்சின் போனால் குடும்பத்துக்கு வண்டி இல்லை. அந்தத் துணிச்சலை இன்று நினைத்தாலும் எனக்கு மரியாதை குறையவில்லை.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் சுலபத்தில் வராது. சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வெபர் கார்புரேட்டர் ஒன்று வந்து சேர்ந்தால் அது ஊர் முழுக்கப் பேச்சு. மற்றதெல்லாம் கோவை லேத் பட்டறைகளில் பிறந்தது. பம்பும் மில் மெஷினும் செய்த கைகள் அவை. சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்றுவார்கள். உள்ளே காற்று போகும் துவாரங்களை அரத்தால் ராவி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தே வழவழப்பைச் சொல்வார்கள். மைக்ரோமீட்டரை அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள்.

இந்த மண்ணிலிருந்துதான் கரிவரதன் வந்தார். லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டில் ஒரு கார் வாங்கி ஓட்டிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவர் யோசித்தது வேறு: நடுத்தரக் குடும்பத்துப் பையன் எப்படி ரேஸ் ஓட்டுவது? எண்பதுகளில் மாருதி 800 வந்தது. அதன் இஞ்சினை வைத்து இங்கேயே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பின்னால் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், அந்த வண்டியில்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ல் ஜோர்டன் அணியில் நரேன் ஓட்டியபோது கோவையில் பட்டறைகளெல்லாம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தன. கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் தடத்துக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையில் ஒருவரின் நினைவாக எழுந்தவற்றில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்தத் தடத்தில் ஓட்டத்தான் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வாங்கினேன். தடம் வாடகைக்கு விடுகிற நாட்களில் பணம் கட்டினால் நம் காரையே ஓட்டலாம். அது பந்தயமாகாது, பரிசு கிடையாது, முந்துவதற்கும் விதி உண்டு. நம் வேகம், நம் வளைவு, அவ்வளவுதான்.

1994-ல் எஸ்டீம் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் வாங்கியவர் ஒரு மில் மேனேஜர். தெருவே திரண்டு நின்றது. ஜன்னலை இறக்க ஒரு பொத்தான், உள்ளே குளுகுளுவென்று ஏ.சி. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் அந்தக் காரைத்தான் கேட்பார்கள். முன்பக்கம் மாலை, பின்கண்ணாடியில் பூச்சரம். ஏ.சி. கார் வைத்திருக்கிற வீடு என்று அடையாளம் சொன்ன காலம். அதே எஸ்டீமை நான் வாங்கிக் கொண்டுவந்து முதலில் கழற்றியது ஏ.சி.யைத்தான். அடுத்தது பவர் விண்டோ. அன்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஒவ்வொன்றும் தடத்தில் வெறும் எடை.

ஏன் எஸ்டீம் என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் நல்ல வண்டி, 106 குதிரைச் சக்தி. ஆனால் அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் நல்ல வண்டிக்குச் சொன்ன விலைதான். பியட் பாலியோ 1.6 ஓட்ட ஓட்ட ஆசையாக இருக்கும், சாமான் தேடியே ஆயுள் போய்விடும். எஸ்டீம் 900 கிலோவுக்குள் நிற்கிற வண்டி. 1298 சி.சி. இஞ்சின், பிந்தைய மாடல்களில் 85 குதிரைச் சக்தி. ஜிப்ஸிக்கும் அதே இஞ்சின் குடும்பம். ராணுவமே வருஷக்கணக்கில் ஜிப்ஸி ஓட்டியதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. எந்தப் பட்டறையிலும் அதைப் பிரித்துச் சேர்த்த ஒரு கை இருக்கும். எடை குறைந்த, சாமான் கிடைக்கிற, உடைந்தால் நெஞ்சு உடையாத வண்டி; தடத்தில் பழகுகிறவருக்கு இந்த மூன்றும் குதிரைச் சக்தியைவிடப் பெரிது.

இப்படிப்பட்ட பழைய கார்கள் விலை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பதினைந்து வருஷம் தாண்டிய காரை மறுபதிவு செய்ய முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆயிற்று. எஃப்.சி., பசுமை வரி, இன்சூரன்ஸ் என்று கணக்குப் பார்த்து நிறையப் பேர் நல்ல வண்டிகளையும் காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நன்றாக ஓடுகிற இஞ்சின்கள் இரும்பு விலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். இஞ்சினை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பார்க்க வேண்டியது தகரம். நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போவேன். தரை விரிப்பைத் தூக்கி, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைக் குத்திப் பார்ப்பேன். 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துரு, அல்லது துருவின் மேல் பூசிய புட்டி. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா? முன்பக்கம் சஸ்பென்ஷன் வந்து முட்டுகிற இடத்தில், நட்டுகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா? தடத்தில் ஓட்டப்போகிற வண்டிக்கு அந்த இடம்தான் உயிர். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் முழுப் பாரமும் அதில் வந்து விழும். பிறகு கண்ணாடிகள். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரை இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டிங்கரிங் எங்கே நடந்தது என்று அங்கிருந்து தேட வேண்டும்.

எனக்குக் கிடைத்தது பொள்ளாச்சிப் பக்கம் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவரின் வண்டி. ஒரே ஓனர். ஆயில் மாற்றிய ரசீதெல்லாம் தேதி வரிசையில் ஃபைல் போட்டு வைத்திருந்தார். எதற்கு வாங்குகிறேன் என்பதை அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ரேஸ் தடத்துல ஓட்டறதுக்குங்க. சீட்டு, ஏ.சி. எல்லாம் எடுத்துருவேனுங்க."

கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காயலான் கடைக்காரன் ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போனானுங்க. அதுக்கு இது மேலுங்க தம்பி. ஓட்டற அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்க, வந்து பாக்கறேன்" என்றார். ஆர்.சி. புக்கோடு அந்த ஃபைலையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆவாரம்பாளையத்தில் எங்களுக்குப் பழக்கமான பட்டறை. பட்டறைக்காரருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. சோழவரத்துக்கு ஹெரால்டு தயார் செய்து அனுப்பிய ஆள். அங்கேதான் பிரித்தோம். நானும், என் அக்கா மகளும். அவள் பம்ப் கம்பெனியில் டிசைன் இஞ்சினியர். என்னைவிட நன்றாக ஓட்டுவாள். பின்சீட்டைத் தூக்கியபோது அடியில், தகரத்தின் மடிப்பில், மஞ்சள் அரிசி. அட்சதை. வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அரிசி உளுத்துப் போயிருந்தது, மஞ்சள் போகவில்லை. அக்கா மகள் அதைத் தூசியோடு கூட்டாமல், ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தாள். அவள் அதைச் செய்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்த வண்டியின் மேல் எனக்கிருந்த உரிமை அந்த நிமிஷத்தில் கொஞ்சம் மாறியது. பல பேர் வாழ்ந்த வீட்டை வாங்கியவன் போல ஆனேன்.

தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை எடுப்பதுதான் பெரும்பாடு. சத்தம் உள்ளே வராமலிருக்கக் கம்பெனி ஒட்டுவது. ஹீட் கன்னால் சூடு காட்டி, தகடு மாதிரி மழுங்கிய உளியால் உரிக்க வேண்டும். சூடு கூடினால் இளகி ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் சில்லுச் சில்லாக உடையும். முகமூடி போட்டாலும் தார் வாசம் தலைமுடியில் ஏறிவிடும். ஏ.சி. கம்ப்ரெஸர், கண்டென்ஸர், பின்சீட்டு, கார்ப்பெட், தார் ஷீட் எல்லாம் சேர்ந்து பட்டறை மூலையில் குவிந்தபோது ஒரு ஆள் எடைக்கு இருந்தது.

"அந்தக் காலத்துல ரேஸ் முடிஞ்சா சீட்ட மறுபடி மாட்டோணும், வீட்டம்மா திட்டும்" என்றார் பட்டறைக்காரர். "உங்களுக்கு அந்த வேலையில்லீங்களே அம்மணி."

அந்த வேலை இல்லை. இந்த வண்டியை ரோட்டில் ஓட்டிப் போகச் சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றி அமைத்துச் சாலையில் ஓட்டக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ரோல் கேஜ் வைத்து, சீட்டைக் கழற்றிய வண்டிக்கு ரோட்டில் வேலை இல்லை. ஆகவே பட்டறையிலிருந்து செட்டிபாளையத்துக்கு டோ வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். செலவுதான். ஆனால் இந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. சோழவரத்தில் ஓட்டிய பியட் திரும்பிப் போன ரோட்டில் அன்று கூட்டமே இல்லை. இன்று அவினாசி ரோட்டில் பள்ளிக்கூட வேனும் ஸ்கூட்டரில் கைக்குழந்தையோடு போகிற அம்மாவும் இருக்கிறார்கள்.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ராத்திரியில் சைலன்சரை மாற்றிக்கொண்டு ஊருக்குள் விரட்டுகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் வருகிறது. அவர்களின் ஆசை பொய்யில்லை. எனக்கும் அந்த வயதில் இருந்த ஆசைதான். அதைக் கொட்ட இடம் செட்டிபாளையத்தில் இருக்கிறது, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு, தடம் எங்கே, எவ்வளவு, எப்படி வருவது என்று கேட்டு வருகிற பையன்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய வண்டி வேண்டாம், கடன் வேண்டாம், நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மாருதி வாங்குங்கள், முதல் காசை இஞ்சினில் போடாதீர்கள்.

முதல் காசு பிரேக்குக்கு. ஒரு கணக்குச் சொல்கிறேன். 900 கிலோ வண்டியை 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறக்கினால், சக்கரங்களில் பிறக்கும் சூடு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ரோட்டில் அது எப்போதோ ஒரு தடவை. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் முன்னால். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணம் கொண்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது.

எங்கள் எஸ்டீமில் பழைய ஆயிலை எடுத்தபோது பார்க்க வேண்டும். அக்கா மகள் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் கீழே படுத்துப் பின்சக்கரத்தின் நிப்பிளைத் திறந்தேன். "மிதி... பிடி... விடு" என்று சொல்லிச் சொல்லி. ஒளி ஊடுருவுகிற ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் மறுமுனை பாட்டிலில். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு காப்பித் தூள் நிறம். நடுவில் பொட்டுப் பொட்டாகக் காற்றுக் குமிழ்கள். விடாமல் புது டாட் 4 ஊற்றி ஊற்றி, கடைசியில் வெளிறிய தேன் நிறத்தில், ஒரு குமிழ் இல்லாமல், குழாய் முழுக்க அசையாமல் நின்றது. நாலு சக்கரத்துக்கும் இதே. அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி நின்றது. முன்னால் நல்ல பேடுகள், பின்டிரம்முக்குப் புது லைனிங். மொத்தச் செலவு ஒரு நல்ல மியூசிக் சிஸ்டத்தின் விலைகூட வராது.

அடுத்தது டயர். அடுத்தது ரோல் கேஜ், பக்கெட் சீட், பெல்ட். சீட்டு ஓட்டுநரைப் பிடித்துக்கொண்டால்தான் கை ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்காமல் அதைத் திருப்பும் வேலையைச் செய்யும். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. பார்க்க அழகு, ஓட்டக் கேடு. வெட்டிய ஸ்பிரிங்கில் அசைவு தீர்ந்து, மேட்டில் ஏறினால் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். அந்த நொடி டயருக்குப் பிடிமானம் போகும். நல்ல ஷாக் அப்சார்பர் போட்டு, உயரத்தைக் கொஞ்சமே குறைத்து, முன்சக்கரங்களின் மேல்பகுதி லேசாக உட்பக்கம் சாயும்படி அலைன்மென்ட் வைத்தோம். வளைவில் வண்டி சாயும்போது டயர் முழுப் பரப்பும் தரையில் பதிய அது வேண்டும். இஞ்சினில் செய்தது டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், புது ஹோஸ், ஆயில். அப்புறம் ஆயில் சம்புக்குள் ஒரு தடுப்புத் தகடு. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். அந்தத் தகட்டைப் பட்டறைக்காரரே வெட்டி, மடித்து, வெல்ட் வைத்தார். வரைபடம் எதுவும் இல்லாமல், உள்ளங்கையைச் சம்புக்குள் வைத்து அளவெடுத்தார்.

செட்டிபாளையத்தில் அதிகாலையில் ஈரக்காற்று. ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய ஷூ இருக்கிறதா, கீழே ஆயில் ஒழுகுகிறதா, இழுக்கும் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கொடிகளை விளக்குகிறார்கள்: மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். இதை ஒரு சடங்கு மாதிரி முடித்துவிடாமல் அக்கறையோடு சொல்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சோழவரத்தில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். எங்களைக் காத்தது அந்த வைக்கோல் மட்டும்தான்.

பேங்க் அதிகாரி வந்திருந்தார். மகனோடு. எண் ஒட்டிய, சீட்டில்லாத தன் காரைச் சுற்றிவந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "சத்தம் மாறலீங்க" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அக்கா மகள் ஓட்டும்போது நான் பிட் சுவர் ஓரம் நின்று பார்ப்பேன். ஏ.பி.எஸ். இல்லாத வண்டி. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதைப் பெடல் வழியாகக் காலே உணர வேண்டும். முதலில் வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முழுசாக விட்டுவிடுவாள். வண்டியின் முன்பக்கம் எழும்பி, திரும்ப மறுக்கும். பிறகு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வளைவுக்குள் போகப் பழகினாள். எடை முன்சக்கரத்தின் மேலேயே இருந்தது, வண்டி சொன்னபடி திரும்பியது. புதுக் காரில் கம்ப்யூட்டர் இதையெல்லாம் மறைத்துவிடும். வேகமாகப் போவீர்கள், ஏன் என்று தெரியாது. எஸ்டீம் எதையும் மறைக்காது. சித்தப்பா கண்ணை மூடிக் கேட்ட தாளத்தை இவள் போனில் ஜி.பி.எஸ். கோடாகப் பார்க்கிறாள், எந்த வளைவில் எவ்வளவு வேகம், எங்கே நேரம் போகிறது என்று இரண்டு சுற்றுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் காட்டுகிறாள். இரண்டும் ஒரே அறிவு. சித்தப்பா இருந்திருந்தால் அந்தத் திரையை அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருப்பார்.

உள்ளே வந்ததும் வண்டியை உடனே அணைப்பதில்லை; ஹேண்ட் பிரேக்கும் போடுவதில்லை, கொதிக்கிற டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட்டுத்தான் வரவேண்டும். வந்ததும் டயர் காற்று. குளிர்ந்திருக்கையில் 28 வைத்தது, சூட்டில் 34 காட்டும். டயரின் ஓரத்தில் கையை வைத்தால் ரப்பர் இளகி, உருண்டை உருண்டையாகச் சேர்ந்திருக்கும். எந்த ஓரம் அதிகம் தேய்கிறது என்று பார்த்து, அலைன்மென்ட்டை அடுத்த முறைக்குக் குறித்துவைக்கிறோம்.

மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தபோது பட்டறைக்காரர் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். கேம்ஷாஃப்ட். அவரே கிரைண்ட் செய்தது.

"இதப் போட்டா மேல நல்லா இழுக்கும் அம்மணி. நேர்ல, காலையில உங்கள முந்திப் போன அந்த வெள்ளை வண்டிய விட்ரவே மாட்டீங்க."

அவள் அதைக் கையில் வாங்கி, லோபுகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் வேலை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"பிரமாதமா இருக்குதுங்க தாத்தா. ஆனா நேர்ல விடல, மூணாவது வளைவுல விடறேன். வெளிய வர்றப்ப உள்பக்கச் சக்கரம் சும்மா சுத்துது" என்றாள். "மாமா, இந்தக் காசுக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் கிடைக்குமா?"

கிடைக்காது. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் வண்டியின் விலையே ஆகிவிடும். பட்டறைக்காரர் கேம்ஷாஃப்ட்டைத் திரும்பக் காகிதத்தில் சுற்றிவிட்டு, எஸ்டீமின் கியர் பாக்ஸைக் கீழே குனிந்து பார்த்தார். கணபதியில் ஒருவர் டிஃபரன்ஷியலுக்குள் வைக்கிற தட்டுகளைக் கடைந்து தருவார் என்றும், திங்கட்கிழமை பாக்ஸை இறக்கி உள்ளளவு எடுத்துக்கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். அதற்குள் அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.